எட்டாவது பாயிண்ட்

செபஸ்தியானுக்கு ஜன்னல் கிரில் அடிக்கிற தொழில். திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு பட்டறை. ஐம்பத்திரண்டு வயதில் வீட்டுத் தோட்டத்தில் பொம்மை ரயில் விடுகிறார் என்று தெருவே சிரித்தது. சிரித்தவர்களுக்கு என்ன, வாய்தானே! கட்டிலில் கிடந்தவளை ஒரு நிமிடம் எட்டிப் பார்த்திருந்தால் அந்த வாய் மூடியிருக்கும்.

அவர் மனைவி அமலராணி ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். பெண்ணானாலும் பதவிக்குப் பெயர் அதுதான். தடம் பிரிகிற இடம்தான் பாயிண்ட். அங்கே வண்டி எந்தத் தடத்தில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் தண்டவாளத்தின் நாக்கைத் திருப்பிவிடும் வேலை. யார்டில் கையால் இழுக்கும் இரும்பு லீவரை ஆண்களுக்குச் சளைக்காமல் பதினோரு வருஷம் இழுத்தவள். அந்தக் கைதான் முதலில் போனது. காபி டம்ளர் நழுவியது, பிறகு சீப்பு, பிறகு சோற்றுக் கவளம். தசைகள் ஒவ்வொன்றாக அடங்கிப்போகும் நோய், புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றார் மதுரை டாக்டர். அது ஆறுதலா தண்டனையா என்று செபஸ்தியானுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

படுத்தபடி அவள் பார்க்கட்டுமே என்று பேட்டரி எஞ்சின் ஒன்று வாங்கி, தோட்டத்தில் அவள் கட்டிலைப் போட்டு அதைச் சுற்றித் தடம் அமைத்தார். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"செக்கு மாடு மாதிரி சுத்துது. ஒரு பாயிண்ட் கூட இல்லாம இதெல்லாம் ஒரு ஸ்டேஷனாங்க?"

மூன்று மாதத்தில் அவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அன்றுதான். கடையில் விற்கிற பாயிண்ட் பிளாஸ்டிக். அதை அவள் ஏறிட்டும் பார்க்க மாட்டாள். மறுநாளே பட்டறையில் உட்கார்ந்தார். பித்தளைப் பட்டையை அறுத்து, நாக்கின் முனையை அரத்தால் ராவி ராவி மெலிதாக்கி, தடங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சக்கரம் விழாதபடி இடைவெளி விட்டு, முதல் பாயிண்டை முடிக்க ஒன்பது நாள் ஆனது. அவள் இரண்டு விரலால் அதன் குட்டி லீவரைத் தள்ளினாள். நாக்கு டக்கென்று சேர, வண்டி பக்கத்துத் தடத்தில் திரும்பியது. அமலராணி சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் அடுத்த ஆறும். அவள் விரல் தளரத் தளர, பழையதைப் பிடுங்கிவிட்டு இன்னும் லேசாக ஒன்றைச் செய்தார். ஆனால் நாக்கைத் தடத்தோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கை மெலிதாக்கினால் நாக்கு இறுக ஒட்டாது. நூலளவு இடைவெளி இருந்தாலும் சக்கரம் ஏறி வண்டி கவிழும். ஏழாவது பாயிண்டில் நாலு தடவை கவிழ்ந்தது. அதற்கு மேல் லேசாக்க வழியில்லை. அவள் கையால் நடக்கிற வேலை என்று அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதையும் பறிகொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

எட்டாவதில் ஏமாற்றினார். நாக்குக்கு அடியில் சின்ன மோட்டார் ஒன்றை ஒளித்து வைத்து, சத்தம் வராமல் ரப்பர் சுற்றினார். லீவரில் விரல் பட்டாலே போதும், மோட்டார் திருப்பிவிடும்.

காலையில் அவள் விரலை எடுத்து லீவர் மேல் வைத்தார். நாக்கு கச்சிதமாகச் சேர்ந்தது. வண்டி அழகாகத் திரும்பியது.

"பாத்தியா அமலா, நீயேதான் மாத்துன!"

அவள் வண்டியைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

"நான் மாத்தல." பேச்சு குழறியது, ஆனாலும் புரிந்தது. "இழுத்தா கைக்குத் தெரியுங்க. பதினோரு வருசம் இழுத்தவ, எங்கிட்டயேவா?"

"ஒனக்குச் சந்தோசமா இருக்கட்டுமேன்னுதான்..."

"மோட்டாரக் கழத்துங்க."

கழற்றினார். மறுபடி விரலை வைத்தார். அவள் மூச்சைப் பிடித்துத் தள்ளினாள், கழுத்து நரம்பு புடைத்தது. நாக்கு பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

"பாயிண்ட் சேரல. வண்டிய நிப்பாட்டுங்க."

"நான் ஒரு தள்ளு தள்ளிவிடுறேனே."

"டூட்டில இருக்கது நானு. நான் சொன்னாத்தான் வண்டி போகணும்."

எஞ்சினை அணைத்துவிட்டு அவர் கொல்லைக் குழாயடியில் போய் நின்று அழுதார். அதன் பிறகு ஐந்து வாரம், தினமும் காலையில் விரலை எடுத்து வைப்பார். தள்ளிப் பார்த்துவிட்டு "சேரல" என்பாள். பேச்சும் போன பிறகு இமையை மூடித் திறந்து சொன்னாள். அவர் ஒரு நாளும் வண்டியை எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுப் பொம்மையன் தோட்டத்தைப் பார்த்தார்.

"வண்டி இப்ப ஓடுமாண்ணே?"

"ஓடாது," என்றார் செபஸ்தியான். "அவ இன்னும் சொல்லல."