சரணத்தில் அரைச் சுரம்

எங்கள் இசைக்குழுவில் ஏழு பேர். ஆறு பேரை ஊர் அறியும். ஏழாவது ஆள் நான், பேஸ் கிற்றார் அடிப்பவன். அந்தக் காலத்துக் கிளிநொச்சியில் மேடை நிகழ்ச்சி என்றால் மரத்தில் கட்டிய இரண்டு ஹோன் ஸ்பீக்கர்கள்தான். அந்தக் குழாய்களுக்குள்ளால் பாடகரின் குரல் வரும், கீபோட் வரும், ட்ரம்ஸின் தகரச் சத்தம் வரும். பேஸின் தடித்த சத்தம் மட்டும் வராது. நான் என்ன அடித்தாலும் சனத்துக்குக் கேட்காது. "உந்த நாலு கம்பியை ஏன் காணும் தூக்கிக்கொண்டு நிக்கிறீர், தோள் உளையேல்லையோ?" என்று என்னோடு கூட்டுறவுக் கடையில் வேலை செய்தவர் ஒருநாள் கேட்டார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. கோபம் எனக்கு எப்போதும் கொஞ்சம் கெதியாகத்தான் வரும்.

யுத்த நிறுத்தம் வந்து கொழும்புப் பாதை திறந்த அடுத்த வருடம் எங்கள் கீபோட்காரர் கொழும்பிலிருந்து புதுக் கீபோட் ஒன்று எடுப்பித்தார். அதில் இடது கையால் பேஸும் அடிக்கலாம். குழுவை நடத்தியவரே எங்கள் பாடகரும். பற்றரி சார்ஜ் போடும் கடை வைத்திருந்தார், எல்லோருக்கும் அவர் அண்ணை. புதுக் கீபோட்டை வாசிப்பித்துக் கேட்டுவிட்டு அவர் என்னிடம் சொன்னார்: "கண்டாவளை நிகழ்ச்சி முடியட்டும், பிறகு பாப்பம்." பாப்பம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். குழுவை விட்டால் எனக்குக் கூட்டுறவுக் கடையும் வீடும்தான் மிச்சம். நிகழ்ச்சிக்கு இரண்டு மாதம் இருந்தது.

அந்த நாட்களில்தான் வவுனியாக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். சந்தையில் துணி விரித்திருந்தார். நான் ஒரு சேட்டுத் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் வலது கையின் இரண்டு விரல் நுனிகளைப் பார்த்தார்.

"பேஸோ?" என்றார்.

"ஓம். எப்பிடித் தெரியும்?"

தன் கையை நீட்டிக் காட்டினார். அதே இரண்டு விரல்களில் அதே காய்ப்பு. முல்லைத்தீவுப் பக்கம் பிறந்து, தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போய், பிறகு வவுனியாவில் கடை போட்ட முஸ்லிம் மனிதர். கலியாண வீடுகளில் வாசிக்கும் குழு ஒன்றில் பேஸ் அடித்தார். என்னைவிட இரண்டு வயதுதான் கூட. அண்ணன் முறையில் நான் அவரை நானா என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார்.

அதன் பிறகு அவர் வரும் ஒவ்வொரு சந்தை நாளும் துணிக்கட்டுகளுக்கு நடுவே இருந்து கதைதான். ஆள் வந்தால் நிறுத்துவோம், போனதும் விட்ட இடத்தில் தொடங்குவோம்.

"கம்பி செத்துப்போனா என்ன செய்யிறனீங்கள், நானா?" என்று ஒருநாள் கேட்டேன். புதுக் கம்பி எனக்கு எட்டாத சாமான்.

"அவிக்கிறன்."

"நானும் அவிக்கிறனான்! எந்தப் பானையில?"

"அதச் சொல்ல ஏலாது தம்பி. அவ காதில விழுந்தா எனக்குச் சோறு இல்ல."

கம்பிகளைக் கழற்றி, கொஞ்சம் வினாகிரி விட்டுக் கொதிக்க வைத்தால் ஊத்தை கழன்று இரண்டு கிழமைக்கு நல்லாய்ப் பேசும். நான் புட்டுப் பானையில் செய்வேன். என் மனைவி புட்டில் ஏதோ வாடை அடிக்கிறது என்று கிணற்றுத் தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். உலகத்தில் இந்தத் திருட்டு வேலையை நான் மட்டும்தான் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மரக்கறிக்காரர் எழும்பிப் பார்த்தார்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் நான் தடித்த கம்பிக்குப் பதிலாகச் சைக்கிள் பிரேக் வயர் போட்டதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டார். சைக்கிள் மாதிரித்தான் என்றேன். வீட்டில் அம்பிளிபயர் இல்லாமல் எப்படிப் பழகுகிறீர்கள் என்றும் கேட்டார். கிற்றாரின் மேல்பக்கம் நீட்டி நிற்கும் கொம்பில் தாடையை அழுத்திக்கொண்டு அடித்தால் எலும்பு வழியாகச் சத்தம் தலைக்குள் வரும் என்றேன். அவரும் பெண்சாதி பிள்ளைகள் படுத்த பிறகு அப்படித்தானாம். அவருடைய மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் எடுக்க அலைந்த கதை, என்னுடைய கிணறு இடிந்த கதை எல்லாம் இதற்கிடையில் வந்து போயின.

புதுக் கீபோட்டைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

"உங்கட பேஸ இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கவே இல்லையா?"

"மேடையில நான் நிண்டதைத்தான் பாத்திருக்கினம்."

"என்ட பெட்டியத் தாறன். கண்டாவளையில கேக்கட்டும்."

பதினைந்து அங்குல ஸ்பீக்கர் பூட்டிய, இடுப்பளவு உயரமான பலகைப் பெட்டி. அதற்கென்று தனியாக ஒரு அம்பிளிபயர். துணி ஏற்றும் வான் வண்டியில் போட்டுக்கொண்டு, நிகழ்ச்சியன்று மத்தியானம் வந்து இறங்கினார். ஓமந்தை ஆமிச் சாவடியில் பின்பலகையைக் கழற்றி உள்ளே காட்டியிருக்கிறார். இந்தப் பக்கத்து இயக்கச் சாவடியில் திரும்பவும் கழற்றிக் காட்டியிருக்கிறார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "ஆணி ரெண்டு துலஞ்சு போச்சு, அதப் பாருங்க முதல்ல" என்றார்.

அது ஒரு விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழா. ஓட்டப் போட்டிகள் முடிந்து பின்னேரம் நாலு மணிக்கு நாங்கள் மேடை ஏறினோம். முதல் பாட்டில் நான் முதல் கம்பியைத் தட்டியதும் சத்தம் பலகையால் இறங்கி உள்ளங்காலால் ஏறி என் நெஞ்சுக்கு வந்தது. முன்வரிசைக் கதிரைகளில் இருந்தவர்கள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று பாட்டுகள் அருமையாகப் போயின. எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை. கீபோட்காரரை ஒரு பார்வை பார்த்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நாலாவது, நாங்கள் ஒவ்வொரு மேடையிலும் பாடுகிற பாட்டு. பல்லவி நன்றாய்ப் போனது. சரணத்தில் அண்ணையின் குரல் திடீரென்று கீழே இறங்கியது. கீபோட் மேலே நின்றது. கேட்கச் சகிக்கவில்லை, சனம் சிரித்தது. அண்ணை பாட்டை நிறுத்தி, ஜெனரேற்றரில் கோளாறு என்று மைக்கில் பொய் சொல்லிவிட்டுத் திரும்பவும் தொடங்கினார். அதே சரணத்தில் அதே மாதிரி விழுந்தார். பிழை அண்ணையில்தான் என்று நினைத்து நான் இன்னும் அழுத்தி அடித்தேன். அப்போது மேடை ஓரத்தில் நின்ற நானா குனிந்து, அம்பிளிபயரின் குமிழைத் திருகி என் சத்தத்தை முழுதாகக் குறைத்தார். பாட்டு உடனே சரியாகிவிட்டது.

மிச்ச நிகழ்ச்சி முழுக்கச் சத்தமில்லாமல் நின்று அடித்தேன். வருடக்கணக்கில் பழகியதுதான். அன்றைக்கு அது செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

நானா அன்று எங்கள் வீட்டில் தங்கினார். நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. விடிந்ததும் முற்றத்துக்கு வந்து, "கிற்றார எடுத்து அந்தப் பாட்ட அடிங்க" என்றார். நான் அடிக்க, அவர் கிற்றாரின் கொம்பில் தன் தாடையை வைத்துக் கேட்டார். சரணம் வந்ததும் தலையைத் தூக்கினார்.

"அரைச் சுரம் கீழ போறீங்க தம்பி."

"பாட்டே அப்பிடித்தான். கசற்றைக் கேட்டுத்தானே பழகினனான்."

"எந்த ரேப் ரெக்கோடரில?"

சொல்லத் தொடங்கினேன், பாதியில் எனக்கே விளங்கிவிட்டது. இடம்பெயர்ந்து இருந்த நாட்களில் கரண்ட் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அக்கா கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில்தான் ரேப் ரெக்கோடர் பாடியது. சரணம் வரும்போது அக்காவின் கை களைத்துவிடும். ரேப் மெதுவாக ஓடும், சுரம் இறங்கும். சரணம் முடிய அவா கை மாற்றிக்கொள்வா, பாட்டு பழைய இடத்துக்கு ஏறும். நான் அந்த இறக்கத்தை இசையமைத்தவரின் கெட்டித்தனம் என்று நினைத்து, கவனமாகப் பாடமாக்கி, ஏழு வருடமாக மேடை மேடையாக அடித்திருக்கிறேன்.

நானா உடுப்புத் தோய்க்கிற கல்லில் இருந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரியுங்கோ. நேற்று அவ்வளவு சனத்துக்கு முன்னால என்ர சத்தத்தை நிப்பாட்டினீங்கள்தானே."

"உங்களக் காப்பாத்தத்தான் தம்பி குறைச்சன். கூட்டித்தான் வச்சிருக்கணுமா?" பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "போய் உங்கட அண்ணைட்டச் சொல்லுங்க. சொல்லாட்டி உங்களுக்கு அடிக்கத் தெரியாதெண்டு நினைச்சிடுவார்."

அண்ணை கடையில் பற்றரிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் கை களைத்ததுவரை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை.

"ஏழு வருஷமா நீ பிழையா அடிச்சது எங்களுக்குக் கேக்கேல்லை" என்றார். "அப்ப நீ இல்லாட்டியும் கேக்காதுதானே?"

கேலியாகக் கேட்கவில்லை, நியாயமாகத்தான் கேட்டார். அதனால்தான் கூடுதலாக நொந்தது. வாசல்வரை போய்விட்டேன். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

"அண்ணை, நேற்று கீபோட் சரியாத்தானே அடிச்சது?"

"ஓம்."

"பிறகேன் நீங்கள் அதோட நிக்கேல்லை? ரெண்டு தரமும் என்னோடதானே இறங்கி வந்தனீங்கள்?"

அண்ணை கையிலிருந்த புனலைப் பற்றரியின் மேல் வைத்தார். அந்தச் சரணத்தை வாய்க்குள் ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு இன்னொருமுறை, என்னோடு விழுந்த அதே இடத்தில் நிறுத்தி, யோசித்தார்.

"கிற்றாரை எடுத்துக்கொண்டு வா. சரணத்தை இண்டைக்கே திருத்துவம்" என்றார். "அந்தப் பெட்டிக்காரரையும் போக விடாத. அந்தப் பெட்டியைப்போல நாங்களும் ஒண்டு செய்விக்க வேணும்."

நானா வெளிக்கிட முதல் பிடிக்கவேண்டும் என்று நான் வீட்டுக்கு ஓடினேன்.