கட்டில் கட்டிலாக வந்த சிவப்பு அட்டை

பிள்ளைகளே, உங்கள் அம்மா கொழுந்து பறிக்கிற மலையில் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டபோது நீங்கள் இருவரும் அக்கரப்பத்தனையில் சித்தி வீட்டில் இருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். அந்த வார்டில் நடந்ததை இதுவரை நான் உங்களுக்குச் சொன்னதில்லை.

சன்னலோரத்துக் கட்டிலில்தான் முதலில் சிவப்பு அட்டை தொங்கியது. அங்கே படுத்திருந்த வேறொரு பெண்ணின் புண்ணில், எந்த மருந்துக்கும் லேசில் அடங்காத கிருமி இருப்பதாக மிஸி சொன்னார். தாதியை அங்கே மிஸி என்றுதான் கூப்பிடுவோம். சில நாளில் அடுத்த கட்டிலிலும் அட்டை. பிறகு அதற்கும் அடுத்ததில். அதே வரிசையின் கடைசியில் உங்கள் அம்மா.

"பக்கத்துக் கட்டில் வரைக்கும் அட்ட வந்துருச்சு" என்று போனில் சித்தியிடம் சொன்னேன். உங்களில் சின்னவள் குறுக்கே புகுந்து, "உப்பு போடுங்கப்பா, தானா விழுந்துரும்" என்றாள். காலில் ஏறி ரத்தம் குடிக்கிற அட்டை என்று நினைத்துவிட்டாள். சித்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவின் தாய்மாமன் தினமும் வட்டகொடையில் ரயிலேறிப் பார்க்க வருவார். கையில் கோயில் திருநீறு. சொந்தக்காரிக்கு மட்டும் பூசிவிட்டுப் போனால் மற்றவர்கள் மனம் நோகும் என்று, சன்னலோரத்தில் தொடங்கி ஒவ்வொருவர் நெற்றியிலும் பூசுவார். கட்டுப் போட்ட இடத்தையும் தடவிக்கொடுத்து, "எந்திரிச்சு ஓடுவ பாரு ஆத்தா" என்பார். எல்லாருக்கும் அதே விரல். அந்த விரல் வந்த வழியிலேயே அட்டையும் வருவதை அம்மாதான் கவனித்தாள்.

"மாமா, கையக் கழுவிட்டு எனக்கு மொதல்ல பூசுங்க."

"ஏன் புள்ள, என் கையில சாணியா ஒட்டியிருக்கு?"

"கோவிச்சுக்காதீங்க மாமா. பயமா இருக்கு."

"சாமி துன்னூறுல கிருமியா? மாப்பிள்ள, நீங்களுமா இத நம்புறீங்க?"

"துன்னூறுல இல்லீங்க மாமா, வெரல்ல" என்றேன்.

பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவர், மறுநாள் வரவில்லை. அவர் விரல்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எல்லாக் கட்டில் கம்பியையும் பிடித்துக்கொண்டு கதை பேசிய என் கையாகவும் இருக்கலாம்.

பிறகு, மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதித்ததில் அம்மாவிடமும் கிருமி இருந்தது.

"தோலு மேல குடியேறிருக்கு. புண்ணுக்குள்ள போகல. இப்ப நோய் இல்ல" என்றார் டொக்டர்.

"உள்ள போனா?"

"தகட்டப் புடிச்சிட்டா லேசுல விடாது. காலே போனாலும் போகலாம்."

இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். கிருமி மேலே இருக்கும்போது வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. இருப்பதே தெரியாது. உள்ளே புக ஒரு வழி கிடைத்தால்தான் நோயாகும்.

அன்றே அம்மாவின் கட்டிலிலும் அட்டையை மாட்டினார்கள். தினமும் மருந்துத் தண்ணீரில் உடம்பு துடைத்தார்கள். புண் ஆறியது. தகட்டோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கிருமி முழுக்கப் போய்விட்டதா என்று கேட்டேன். டொக்டர், "தழும்பப் பாத்துக்கிட்டே இருங்க" என்று மட்டும் சொன்னார்.

வேலை விட்டு வந்ததும் அம்மா தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வலியால் இல்லை. சூடு இருக்கிறதா என்று பார்க்கிறாள்.

நேற்று என் கையையும் பிடித்து அங்கே வைத்தாள். எனக்கும் சூடாகத்தான் பட்டது. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.