ஏழாம் பக்கத்தை மாற்றிய ஞாயிறு

இது எனக்கு நடந்தது. காதில் பூ சுற்றுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தலைமைச் செயலகத்தில் பதினான்கு வருடம் உதவியாளர் வேலை. அமைச்சர் கையெழுத்துப் போடும் கோப்புகளில் முதல் குறிப்பை எழுதுவது எங்களைப் போன்றவர்கள்தான். எங்கள் பெயர் வெளியே வராது. தப்பு நடந்தால் மட்டும் அதுதான் முதலில் வரும்.

எங்கள் பிரிவு அலுவலரை ஆபீசில் 'சார்' என்றும் வெளியே 'அண்ணா' என்றும் கூப்பிடுவேன். என் மனைவிக்குப் பிரசவம் சிக்கலானபோது ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடிய நின்ற மனிதர். அவர் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். செய்தேன்.

ஒரு பள்ளிக் கட்டடத்தின் சுவர் இடிந்துவிட்டது. விடுமுறை நாள், யாருக்கும் காயமில்லை. ஆனால் திங்கட்கிழமை விசாரணைக் குழுவுக்குக் கோப்பு போக வேண்டும். அதன் ஏழாம் பக்கத்தில், 'சுவரில் விரிசல் உள்ளது, அனுமதி தரக்கூடாது' என்று நான் எழுதியிருந்தேன். அதை மீறி அனுமதி கொடுத்தவர் அண்ணன்.

சனிக்கிழமை படியிறங்கும்போது என் தோளில் கை போட்டார்.

"நாளைக்கு மூணு மணிக்கு வா தம்பி. அந்தப் பக்கத்தை மாத்திடலாம்."

"மாட்டிக்கிட்டா?"

"புதுப் பக்கத்துல உன் கையெழுத்துக்குக் கீழ நானும் போடறேன். பழைய பக்கத்தை நீயே வச்சுக்கோ. நான் ஏமாத்தினா அதைக் காட்டு, போதுமா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று.

ஞாயிறு மதியம் 2.55. வாசல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். உள்ளே ஈ காக்கை இல்லை.

3.02. பிரிவின் கதவு திறந்திருந்தது. அண்ணன் தன் நாற்காலியில் இருந்தார். மின்விசிறி ஓடவில்லை. எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. அவர் சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

கண்ணாடி இல்லாமல் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாதவர், அன்று வெறும் கண்ணால் கோப்பைப் படித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி எங்கண்ணா?"

"தேவைப்படல."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'விரிசல் இல்லை. அனுமதிக்கலாம்.' கீழே பழைய தேதி, என் கையெழுத்து.

3.20. அவர் பேனாவை எடுத்தார். கர்… கர்… என்று கையெழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

பழைய தாளை உருவி நான்காக மடித்தார். தாள் சரசரக்கவில்லை.

"அண்ணா… அந்தப் பக்கம்…"

வலது கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

"நான் பாத்துக்கறேன்."

விரல்களைப் பிடித்து இழுத்தேன். ஈரச்சுவர் மாதிரி சில்லென்று…

எழுந்து வெளியே போனார்.

காலடிச் சத்தமே இல்லை.

ஓடினேன்.

நீண்ட வராந்தா… யாருமில்லை.

3.26.

வாசலுக்கு வந்து காவலரிடம் கேட்டேன். "சார் போயிட்டாரா?"

"எந்த சார்? இன்னைக்கு வந்தது நீங்க ஒருத்தர்தான்."

4.10க்கு எங்கள் பிரிவுத் தட்டச்சர் போன் செய்தார். அண்ணன் போய்விட்டார். மாரடைப்பு. காலை 11.40க்கு.

திங்கட்கிழமை குழு கோப்பைத் திறந்தது. ஏழாம் பக்கத்தில் என் எழுத்து, என் கையெழுத்து. அதற்குக் கீழே, அண்ணன் கையெழுத்துப் போட்ட இடம் வெறும் வெள்ளை. உதவியாளரின் குறிப்பை நம்பி அதிகாரி ஏமாந்தார் என்று முடிவாகி, என் வேலை போனது. நடந்ததைச் சொன்னேன். "செத்தவர் மேலயா பழி போடற?" என்றார்கள்.

பயமெல்லாம் அன்றோடு போய்விட்டது. ஆத்திரம்தான் போகவில்லை. செத்த பிறகும் ஒரு மனிதன் எழுந்து வந்தானே, பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்கவா வந்தான்? என் கழுத்தை அறுக்க வந்தான்.

எட்டாம் நாள் அண்ணியைப் பார்க்கப் போனேன். அவருக்கு எதுவும் தெரியாது. அழுதுகொண்டே சொன்னார்.

"மத்தியானம் பூரா அவர் கையைப் பிடிச்சுட்டுதான் இருந்தேம்பா. விரிஞ்சுதான் இருந்துச்சு. மூணரைக்குப் பாக்கறேன், வலது கை இறுக மூடியிருக்கு. உள்ள ஏதோ மடிச்ச காகிதம். நாலு பேர் இழுத்தும் விரல் பிரியல… அப்படியே அனுப்பிட்டோம்."