நானா ஸ்பிரிங் மாற்றிய காலை

எண்பதுகளின் தொடக்கம். கல்முனையில் எங்கள் நானா, என் அண்ணன், ஒரு பழைய பந்தயக் கார் வைத்திருந்தார். அதன் முன்பக்கத்துக்குக் கொழும்பிலிருந்து கட்டையான, இறுக்கமான ஸ்பிரிங்குகளை வாங்கிப் பூட்டியிருந்தார். வளைவில் கார் சாயாது. ஆனால் றோட்டின் ஒவ்வொரு குழியும் முதுகில் அடிக்கும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் அதற்கு மேலுள்ள மட்காட்டில் உரசும். "வேகம் வேணுமெண்டா சொகுசு கிடைக்காது, தங்கச்சி" என்று சிரிப்பார்.

வாப்பாவுக்கு முதுகெலும்பில் நோய் முற்றியிருந்தது. ஒரு காலை வலி தாங்க முடியாமல் போகவே, மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வேறு வாகனம் கிடைக்கவில்லை. பாண்டிருப்பைத் தாண்டுவதற்குள் கார் ஒரு குழியில் இறங்க, வாப்பா அலறிவிட்டார். அவர் அலறி நான் அதுவரை கேட்டதே இல்லை. நானா காரை வீட்டுக்குத் திருப்பினார்.

"கழட்டாத மகன். ஆசப்பட்டுப் பூட்டினது. நான் பொறுத்துக் கொள்ளுவன்" என்றார் வாப்பா.

"இல்ல வாப்பா, ஒங்களுக்கு நோகப்படாது. பழைய ஸ்பிரிங் வீட்டிலதான் கிடக்கு. பூட்டிட்டு மெல்லமாப் போவம்."

முற்றத்தில் நானா வேலை செய்துகொண்டிருக்க, உள்ளே என் மடியில் வாப்பா கலிமா சொல்லி மூச்சு அடங்கிப் போனார்.

நான் வெளியே வந்தேன். நானா மணலிலிருந்து எழும்பி, கையைத் துடைத்தபடி, "ஏறி இருந்து பாரு தங்கச்சி, இப்ப குலுங்காது" என்றார். ஏறி உட்கார்ந்தேன். அவர் மட்காட்டை அமுக்கினார். கார் மெல்ல இறங்கி, மெல்ல ஏறியது.

"வாப்பாவக் கூட்டிட்டு வருவமா?"

அப்போதுதான் அழுதேன்.

நோகாமல் கொண்டுபோக நினைத்தவரை நான் எப்படிக் குறை சொல்வேன்? மெத்தென்று ஓடும் வாகனங்களில் மட்டும் இன்றுவரை என்னால் நிம்மதியாக இருக்க முடிவதில்லை.