கேமரா வராத செவ்வாய்க்கிழமை

அந்த நிறுவனத்தில் அவளை எல்லாரும் "ஏழு" என்றுதான் கூப்பிடுவார்கள். காது கேளாதவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்புச் செய்து தரும் நிறுவனம் அது. மொத்தம் பதினோரு மொழிபெயர்ப்பாளர்கள். அட்டவணையில் பெயருக்குப் பதில் எண். "ஏழு ஃப்ரீயா இருக்காங்களா?", "ஏழுக்கு இன்னைக்கு ஆஸ்பத்திரி" என்று பத்து வருடமாகப் பழகிப்போனதில், சில நாள் கணவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட அவள் திரும்பக் கொஞ்சம் நேரமாகும்.

வேலை வீட்டிலிருந்துதான். படுக்கையறை மூலையில் மேசை, பின்சுவரில் சாம்பல் நிறத் துணி, முகத்துக்கு நேரே ஒரு விளக்கு. கை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் பூவோ கோடோ இல்லாத கருநீலச் சட்டை. ஒரே மாதிரி ஐந்து வைத்திருந்தாள். டாக்டர் பேசுவதை லேப்டாப்பில் கேட்டுக் கேமராவுக்கு முன்னால் கையால் சொல்வாள். நோயாளி கையால் சொல்வதைத் திரையில் பார்த்து வாயால் சொல்வாள். யார் பேசினாலும் அவரே பேசுவதுபோலச் சொல்ல வேண்டும் என்பது தொழில் விதி. நோயாளி வயிறு வலிக்கிறது என்றால், "எனக்கு வயிறு வலிக்குது" என்பாள். "அவருக்கு" என்று சொல்லக் கூடாது. எதையும் கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது.

இந்த மொழியை அவள் எங்கும் போய்ப் படிக்கவில்லை. தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அம்மாவும் அப்பாவும் சாப்பிடு, தூங்கு, வா, வேண்டாம் என்று நாலைந்து சைகையோடு நின்றுவிட்டார்கள். மற்றதெல்லாம் அக்கா வழியாகத்தான். டாக்டர், வாத்தியார், பக்கத்து வீட்டுச் சண்டை என எதுவானாலும் நடுவில் நின்றது அவள்.

தம்பி ஒரு அச்சகத்தில் மெஷின் ஓட்டினான். இருபத்து மூன்று நாளுக்கு முன், மதிய இடைவேளையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வயது நாற்பத்து மூன்று.

அவனை வழியனுப்பிய அன்று நண்பர்கள் முப்பது பேர் வந்திருந்தார்கள். பாதிக்கு மேல் காது கேளாதவர்கள். அச்சக முதலாளி எழுந்து பேசினார்; பிறகு சித்தப்பா பேசினார். பேசியது அந்த நண்பர்களுக்குப் போய்ச் சேர வேண்டுமே, வேறு யார் இருக்கிறார்கள்? அவளே முன்னால் போய் நின்றாள். இரண்டு மணி நேரம் கை ஓயவில்லை. மொழிபெயர்க்கும்போது அழ முடியாது. கண்ணில் நீர் நின்றால் எதிரே இருப்பவரின் கை தெரியாது. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அழுகை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "உள்ளயே வெச்சுக்காதே, அழுதுடு" என்று சித்தி சொன்னார். உள்ளே தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பத்தாம் நாள் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

பல் டாக்டர் ஊசி போட்டபின் உதடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதே, அந்த மாதிரி இருந்தது. ஆறிப்போன டீயையும் குடித்தாள். யார் எதைக் கேட்டாலும் சரி என்றாள். திங்கட்கிழமை மாலை லேப்டாப்பும் ஏதோ அப்டேட் வந்திருக்கிறது, போடலாமா என்று கேட்டது. அதற்கும் சரியை அழுத்திவிட்டு எழுந்து போனாள்.

செவ்வாய் காலை ஒன்பதரைக்கு ஒரு மருத்துவமனை. நோயாளி ஒரு தச்சர், பித்தப்பையில் கல். பத்தரைக்கு அறுவை சிகிச்சை. அதற்கு முன் டாக்டர் விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் அழைப்பில் நுழைந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த தச்சரும், பக்கத்தில் நர்ஸும் திரையில் தெரிந்தார்கள். அவளுடைய கட்டம் மட்டும் கருப்பாக இருந்தது.

"நீங்க பேசறது கேக்குது, ஆனா உங்களைப் பார்க்க முடியலையே" என்றார் நர்ஸ்.

மறுபடி நுழைந்து பார்த்தாள். கருப்புதான். கேமரா பக்கத்தில் எரிய வேண்டிய சின்ன விளக்கு எரியவில்லை. நோயாளி விவரம் வெளியே போய்விடக் கூடாது என்பதால் நிறுவனத்து லேப்டாப் தவிர வேறு எதிலும் அழைப்பை எடுக்க அனுமதி கிடையாது. அலுவலகத்துக்குச் செய்தி போட்டாள். மற்ற பத்துப் பேருக்கும் வேலை. பதினொரு மணிக்குத்தான் ஒருவர் வருவார் என்று பதில் வந்தது. கைப்பேசியில் கணினி உதவிப் பிரிவைக் கூப்பிட்டு ஒரு காதில் வைத்துக்கொண்டாள்.

எடுத்தவருக்குக் கடும் ஜலதோஷம்.

"மேடம், கேமரா மேல தள்ளுற மாதிரி ஒரு சின்ன மூடி இருக்கும். மூடியிருக்கா பாருங்க."

"திறந்துதான் இருக்கு."

"செட்டிங்ஸ்ல பிரைவசிக்குள்ள கேமரான்னு இருக்கும். ஆன்ல இருக்கா?"

ஆஃபில் இருந்தது. "அப்டேட்டோட வேலைதான். போட்டு விடுங்க" என்று சொல்லிவிட்டுத் தும்மினார். போட்டாள். கட்டம் கருப்பாகவே இருந்தது.

திரையில் தச்சர் கையை அசைத்தார். அவரை அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவருக்குத்தான் அவள் இல்லை. 'யாராவது இருக்கீங்களா?' என்று கேட்டார். 'இருந்தா ஏதாவது காட்டுங்க.'

"சிஸ்டர், யாராவது இருக்கீங்களான்னு கேக்கறார். நான் இருக்கேன்னு, கட்டை விரலைத் தூக்கிக் காட்டுங்க" என்றாள்.

நர்ஸ் காட்டினார். தச்சர் கருப்புக் கட்டத்தையும் நர்ஸின் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டென்று பிடித்துக்கொண்டார். அதன்பின் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளாக மட்டும் கேட்க ஆரம்பித்தார்.

'வயித்தை முழுசாக் கிழிப்பாங்களா?'

அவள் வாயால் சொல்ல, நர்ஸ் பதறி விரலைக் கீழே கவிழ்த்தார்.

'மயக்கம் குடுப்பாங்களா?' விரல் மேலே.

'நடுவுல முழிச்சுக்குவேனா?' விரல் வேகமாகக் கீழே.

'டாக்டர் நல்லவரா?'

நர்ஸ் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு இரண்டு கட்டை விரலையும் தூக்கினார். தச்சர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அது சிரிக்க வேண்டிய இடம் என்பது தெரிந்தது.

கைப்பேசிக் குரல் அடுத்த இடத்துக்கு அழைத்துப் போனது. "டிவைஸ் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு மேடம். அதுல கேமராவுக்கு நேரா மஞ்சள் முக்கோணம் தெரியுதா?"

"தெரியுது."

"அப்போ டிரைவர் கெட்டுப்போச்சு. கேமராவையும் லேப்டாப்பையும் பேச வைக்கிற சாஃப்ட்வேர் அது. பழசுக்கே போறதுக்கு ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்துங்க."

"மங்கலா இருக்கு. அழுத்த முடியலை."

"பழசைத் துடைச்செடுத்துட்டுப் போயிருக்கு பாருங்க. சரி, கேமராவை லிஸ்ட்லேர்ந்தே தூக்கிடுவோம். ரீஸ்டார்ட் பண்ணா அதுவே தேடிப் புடிச்சு மறுபடி போட்டுக்கும். பயப்படாதீங்க."

"நான் பயப்படலை" என்றாள். உண்மைதான்.

ரீஸ்டார்ட் என்றால் அழைப்பை விட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போனால் தச்சர் தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டதாக நினைப்பார். "சிஸ்டர், ரெண்டு சைகை சொல்லித் தரேன், செய்வீங்களா? உள்ளங்கை ரெண்டையும் மேல பார்க்க வெச்சு விரலை லேசா ஆட்டுங்க. அது 'காத்திருங்க'. அப்புறம் ஒரு விரலால உங்க தோள்பட்டைக்குப் பின்னாலேர்ந்து முன்னால வளைச்சுக் கொண்டு வாங்க. அது 'திரும்பி வருவேன்'." நர்ஸ் செய்தார். இரண்டாவது கோணிப்போய், முதுகு அரிக்கிறது என்பது போல வந்தது. தச்சர் அவர் கையைப் பிடித்துத் திருத்தினார். பிறகு கருப்புக் கட்டத்தைப் பார்த்து, 'போயிட்டு வாங்க' என்றார்.

திரை அணைந்து, நடுவில் புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"கொஞ்சம் நேரமாகும் மேடம்" என்றது கைப்பேசி. சும்மா இருக்கத் தெரியாத மனிதர் போலிருக்கிறது. "இந்தக் கை பாஷையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"தம்பிகிட்ட."

"அவரும் இதே வேலையா?"

"இல்லை. அவன் செத்துட்டான். இருபத்தி மூணு நாளாச்சு."

இத்தனை நாளில் அதை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொந்தக்காரர்களுக்குக் கணவன் சொன்னான். தம்பியின் நண்பர்களுக்கு அவள் சொன்னது கையால். வாயால் சொன்னபோது வானிலை அறிக்கை போல இருந்தது. அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது, அது ஜலதோஷம்தான்.

"சாரி மேடம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இப்போ ஸ்கிரீன்ல என்ன வருது?" என்று கேட்டார். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காதது அவளுக்கு நல்லதாக இருந்தது.

லேப்டாப் வந்தது. மஞ்சள் முக்கோணமும் கூடவே வந்தது. "அடம் பிடிக்குதே" என்றார் அவர். இந்த முறை, டிரைவரை அதுவே தேட விடாமல், நாமே பட்டியலிலிருந்து எடுப்பதற்கு வழி காட்டினார். பட்டியலில் கேமராவின் முழுப் பெயரோடு புதியது ஒன்றும், வெறுமனே 'யுஎஸ்பி வீடியோ டிவைஸ்' என்று ஒன்றும் இருந்தன. "அந்தப் பேரில்லாததை எடுங்க. பொதுவா எல்லாத்துக்கும் ஒத்துப்போகும்."

எடுத்தாள். முக்கோணம் போனது. கேமரா பக்கத்தில் சின்ன வெள்ளை விளக்கு எரிந்தது.

மணி பத்து ஐந்து. அவள் அழைப்பில் நுழைந்தபோது அறுவை மருத்துவர் வந்திருந்தார். அவசரக்கார அம்மாள், கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவளைக் கண்டதும் தச்சர் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினார். அவர்கள் மொழியில் அது கைதட்டல்.

டாக்டர் சொன்னார், அவள் கையால் சொன்னாள்: நாலு சின்ன ஓட்டை, ஒரு மணி நேரம், இரண்டு நாளில் வீடு, மூன்று வாரத்துக்குப் பலகை தூக்கக் கூடாது. மூன்று வாரம் என்றதும் தச்சர் பேரம் பேசிப் பார்த்தார். டாக்டர் இறங்கவில்லை. கையெழுத்தானது.

டாக்டர் கிளம்பத் திரும்பும்போது தச்சர் கையைத் தூக்கினார். அவளையே பார்த்து, கட்டை விரலை மற்ற விரல்களில் இரண்டு முறை தேய்த்தார். அது ஒரு பெயர். காது கேளாதவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் சைகைப் பெயர். விரலில் எப்போதும் அச்சு மை ஒட்டியிருப்பதால் தம்பிக்கு அந்தப் பெயர் வந்தது. 'நீங்க அவன் அக்கா. முகத்துல தெரியுது. ஸ்கூல்ல ரெண்டு கிளாஸ் கீழே படிச்சான். போயிட்டான்னு நேத்துதான் கேள்விப்பட்டேன்.'

டாக்டரும் நர்ஸும் காத்திருந்தார்கள். சொன்னது எதுவானாலும் அறையில் இருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

"என் தம்பியை..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "மன்னிக்கணும். மொழிபெயர்ப்பாளர் தப்பு. 'உங்க தம்பியை எனக்குத் தெரியும். நீங்க அவன் அக்கான்னு முகத்துல தெரியுது. ஸ்கூல்ல ரெண்டு கிளாஸ் கீழே படிச்சான். போயிட்டான்னு நேத்துதான் கேள்விப்பட்டேன்.'"

தச்சர் கை நிற்கவில்லை. அவளும் நிறுத்தவில்லை. "'உங்களைப் பத்திதான் சொல்லிட்டே இருப்பான். எங்க அக்கா கையால திட்டினாலே கன்னம் எரியும்பான்.'"

நர்ஸ் களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் முதல் தடவையாகக் கடிகாரத்தை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா" என்றார். அதையும் அவள் கையால் தச்சருக்குச் சொன்னாள். அவர் தலையாட்டினார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். காலிச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு அவள் அழைப்பை முடித்தாள். அவ்வளவுதான். எழுந்து போய் முகம் கழுவினாள்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு பள்ளிக்கூடம். காது கேளாத அம்மா ஒருத்தி, எதிரே மகளின் வகுப்பு ஆசிரியை. "உங்க பொண்ணு கிளாஸ்ல ஓயாம பேசறா. வாயை மூடவே மாட்டேங்கறா" என்று ஆசிரியை ரொம்ப வருத்தத்தோடு சொன்னார். அவள் கையால் சொன்னாள். அந்த அம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். 'எங்கிட்ட கையை மூடவே மாட்டா. அங்கயும் அப்படித்தானா?' என்றாள்.

மாலையில், அவள் அனுப்பிய அன்றைய குறிப்பைப் படித்துவிட்டு அலுவலகத்திலிருந்து கேட்டார்கள்: நோயாளி தெரிந்தவர் என்றால் அடுத்த முறை வேறு எண்ணை அனுப்பட்டுமா? "வேண்டாம், நானே பார்த்துக்கறேன்" என்றாள். மூன்று வாரமாக எதற்கும் அவள் வேண்டாம் என்று சொன்னதில்லை.

பஸ் ஓட்டப் போன கணவன் ஆறு மணிக்கு வந்தான். காய் நறுக்கிக்கொண்டே பள்ளிக்கூடத்துக் கதையைச் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்புறம் ஒரு தச்சர்" என்று தொடங்கினாள். கத்தியைக் கீழே வைத்தாள். சொல் வரவில்லை, கைதான் முந்திக்கொண்டு போனது. கட்டை விரல் மற்ற விரல்களில் தேய்ந்தது. கணவனுக்கு அந்த மொழி தெரியாது.

"வாயால சொல்லு" என்றான், மெதுவாக.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.