காலையில் போட்ட கையெழுத்து

என் வீட்டுக்காரரை வாயில்லாப் பூச்சின்னு என் தம்பி கிண்டல் பண்ணுவான். இருபத்திரண்டு வருஷமா மண்ணுக்குள்ள துளை போடுற மனுஷன். வீடோ பாலமோ, கட்டுறதுக்கு முன்னாடி கீழே என்ன மண்ணு, எத்தனை அடியில பாறைன்னு மெஷினை இறக்கிப் பார்த்துச் சொல்ற வேலை. மெஷின் ஓடும்போது இரும்புக் கம்பி மேல உள்ளங்கையை வச்சுக்கிட்டு நிப்பார். களிமண்ணா, மணலா, கல்லான்னு கைக்குத் தெரிஞ்சிடும். வீட்டுல உப்பு டப்பா எங்க இருக்குன்னு மட்டும் இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அந்த வேலையில ஒரு வழக்கம் இருக்கு. எத்தனை அடி போனோம், என்ன வந்துச்சுன்னு எழுதுற தாள்ல மெஷின்காரர் காலையிலேயே கையெழுத்துப் போட்டுடணும். வேலை ஆரம்பிச்சா கையெல்லாம் சேறு, தாள் பாழாயிடுமாம். மீதியை மேலதிகாரி சாயங்காலம் நிரப்பிக்குவார். வெறும் தாள்ல கையெழுத்துப் போடாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்கன்னு ஒரே பதில்.

போன வருஷம் சரிவுக் குடியிருப்புல வேலை. மலையை வெட்டி வரிசை வரிசையா கட்டுன வீடுங்க. கீழ் வரிசை பதினோரு வீட்டுலயும் சுவர்ல விரல் நுழையுற வெடிப்பு, ஒரு கதவும் ஒழுங்காச் சாத்த முடியல. ஜனங்க போட்ட சத்தம் தாங்காம, கட்டி வித்தவங்களே எங்க கம்பெனியைக் கூப்பிட்டாங்க. மழைக்கு முன்னாடி சரிவு தாங்குமான்னு பார்க்கணும். கடைசி வீட்டுல ஒரு டெய்லரம்மா இருந்தாங்க. தினம் இவருக்குக் குடிக்கத் தண்ணி கொடுத்துட்டு, நாங்க இங்கேயே இருக்கலாமா, போயிடணுமான்னு கேட்பாங்களாம்.

பன்னிரண்டு அடியில கல்லு தட்டுச்சு. பாறை வந்தாச்சு, மெஷினைக் கழட்டுன்னார் மேலதிகாரி. இவர் உள்ளேருந்து எடுத்த கல் உருளையைக் கழுவிப் பார்த்திருக்கார். பக்கத்துல ரோட்டுக்காக வெட்டுன மலையில, பாறையோட வரியெல்லாம் பாய் விரிச்ச மாதிரி படுத்திருக்கு. இந்தக் கல்லுலயோ வரி செங்குத்தா நிக்குது. மலையோட ஒட்டுன பாறைன்னா வரியும் படுத்துத்தானே இருக்கணும்? இது எப்பவோ மேலேருந்து உருண்டு வந்து மண்ணுல புதைஞ்ச கல்லு, இன்னும் பத்து அடியாவது இறக்கிப் பார்க்கணும்னு சொல்லியிருக்கார். கம்பி பிடிக்கத்தான் உனக்குச் சம்பளம்னாராம் அந்தப் புண்ணியவான். மெஷினை லாரியில ஏத்திட்டாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு, குடியிருப்புக்காரங்களைப் பள்ளிக்கூட ஹால்ல கூட்டி அறிக்கை படிச்சாங்க. துளையிலேருந்து எடுத்த கல்லுங்களை அடுக்கி வச்ச பெட்டியைத் தூக்க இவரைக் கூப்பிட்டிருந்தாங்க, நானும் போனேன். பன்னிரண்டு அடியில பாறை இருக்காம். சரிவு உறுதியா இருக்காம். வெடிப்பு வந்தது வீட்டுக்காரங்க தண்ணியைக் கண்டபடி விடுறதாலயாம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாங்களேன்னு எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. டெய்லரம்மா எழுந்து, அப்ப நாங்க பயமில்லாம இருக்கலாமான்னாங்க. தாராளமா இருக்கலாம்னார் மேலதிகாரி.

அப்பத்தான் எங்க வாயில்லாப் பூச்சி எழுந்திருச்சார். பெட்டியிலேருந்து அந்தக் கல்லை எடுத்து எல்லாருக்கும் காட்டி, வரி நிக்கிற கதையைச் சொன்னார். ஹால்ல ஒரே சலசலப்பு. மேலதிகாரி நிதானமா ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"பாறைன்னு எழுதியிருக்கு. இது யார் கையெழுத்து?"

நான் போடலைன்னு சொல்லிடுங்கன்னு மனசுக்குள்ள கத்துறேன். இவரா சொல்வார்?

"என்னுதுதாங்க. காலையில வெறும் தாள்ல போட்டேன். அது என் தப்பு." அப்புறம் டெய்லரம்மா பக்கம் திரும்பினார். "அந்தத் தாளை நம்பி நீங்க அந்த வீட்டுல படுக்காதீங்கம்மா."

தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டார். மறுநாளே வேலை போச்சு. பொய்த் தாள்ல கையெழுத்துப் போட்டதுதான் காரணமாம். பொய்யை எழுதுனவருக்கு ஒண்ணுமில்ல, கேட்க நாதியில்ல! வேற கம்பெனிகள்ல போய்க் கேட்டா, ஓ, நீங்கதானா அதுன்னு அனுப்பிடுறாங்க. அவங்க மட்டும் என்ன, சாயங்காலமா கையெழுத்து வாங்குறாங்க? வயிறு எரியுது.

குடியிருப்புக்காரங்க விடல. வேற ஆளுங்களை வச்சு அதே இடத்துல மெஷினை இறக்கினாங்க. கல்லுக்குக் கீழே பதினாறு அடிக்கு வெறும் கொழகொழ களிமண்ணு. கீழ் வரிசையை உடனே காலி பண்ணச் சொல்லி உத்தரவு வந்துச்சு. எங்கே போவோம்னு கொஞ்சப் பேர் இவரைத்தான் திட்டுனாங்க. அதையும் கேட்டுக்கிட்டார்.

மழை பிடிச்ச மூணாம் நாள் பேப்பர்ல செய்தி. பதினோரு வீடும் சரிஞ்சு ரோட்டுக்கு வந்துடுச்சு. பக்கத்துலயே நம்ம மேலதிகாரியோட பேட்டி. எங்க ஆய்வுல ஆரம்பத்துலயே சந்தேகம் இருந்துச்சுன்னு சொல்லியிருக்கார். வெட்கம்னு ஒண்ணு வேண்டாமா? பேப்பரை எடுத்துக்கிட்டு இவர் முன்னாடி போய் நின்னு, இந்த அநியாயத்தைப் பாருங்கன்னு கத்தினேன். பதினோரு வீடும் சரிஞ்சுடுச்சுன்னதுமே எழுந்து நின்னுட்டார். பேட்டியையும் படிச்சுக் காட்டினேன். அது அவர் காதுலயே ஏறல.

"உள்ளே யாரும் இல்லல்ல?"ன்னார்.

யாரும் இல்லைன்னேன். அதுக்கப்புறம்தான் உட்கார்ந்தார்.