வெண்டாவுக்கு வேண்டிய இருபத்தாறு பல்

நான் பள்ளிக்கூடத்தை ஆறாவதோடு விட்டவன். மர அறுவை ஆலையில் கை காய்த்து, அந்தக் காசில் டெர்பியில் சைக்கிள் ரிப்பேருக்கு ஒரு தகரக் கொட்டகை போட்டேன். இன்று டாஸ்மேனியாவுக்கு மலைச் சைக்கிள் ஓட்ட வருகிற எந்தக் கொம்பனும் என் கொட்டகை வாசலில் ஒரு தடவையாவது நின்றிருப்பான். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

வெண்டா பர்கெஸ் எங்கள் ஊர் மதுக்கடையில் சமையல்காரி. அறுபதை நெருங்குகிற வயது. வருஷா வருஷம் நடக்கும் மலைப் பந்தயத்தில் எல்லோருக்கும் பின்னால் வருகிறவள் அவள்தான். தோற்றுப்போய் அல்ல, அதுதான் அவள் வேலை. கடைசி ஆளோடு சேர்ந்தே ஓட்ட வேண்டும், முந்தக் கூடாது, ஒருத்தரையும் காட்டில் விட்டுவிட்டு வரக் கூடாது.

இந்த வருஷம் பந்தயக் குழுவின் செயலாளன் கிராண்ட்டுக்குப் புத்தி கோணிவிட்டது. "வெண்டாவுக்கு வயசாயிடுச்சு, மோட்டார் வெச்ச சைக்கிள்ல ஒருத்தனைப் போட்டுக்கலாம்" என்றான். அவள் விடுவாளா? கடைசியில், பந்தயத்துக்கு முன் பெரிய ஏற்றத்தைக் கால் ஊன்றாமல் ஏறிக் காட்ட வேண்டும் என்று முடிவானது.

அந்த நேரம் பார்த்து அவள் சைக்கிளில் செயின் நழுவ ஆரம்பித்தது. லான்சஸ்டன் நகரத்தில் ஒரு பெரிய சைக்கிள் கடைக்குப் போனாள். அங்கே இருந்தவன் புதுச் செயினை மட்டும் மாட்டி அனுப்பிவிட்டான். பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்லடுக்கு தேய்ந்து சுறாப் பல் மாதிரி ஆகியிருந்ததை அந்த மகராசன் குனிந்து பார்க்கவே இல்லை. தேய்ந்த பல்லில் புதுச் செயின் பிடிக்குமா? ஏற்றத்தில் வழுக்கி, முழங்கால் கைப்பிடியில் இடித்தது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, பத்து கியர் சாமானே இப்போது வருவதில்லை, பன்னிரண்டுக்கு மாறு என்றானாம். அது இவள் சக்கரத்தில் ஏறாது, அதனால் சக்கரம் மாற்று, கியர் மாற்றியை மாற்று, இதற்குப் புது சைக்கிளே வாங்கிவிடு என்றானாம்.

பச்சைப் பொய்! பத்து கியர் சாமான் என் அலமாரியிலேயே கிடந்தது.

நொண்டிக்கொண்டே கொட்டகைக்கு வந்தாள்.

"யோவ் கிளாரி, நீயும் புது சைக்கிள் வாங்குன்னு சொன்னே, இந்தப் பம்பாலேயே அடிப்பேன்."

"அடி அப்புறம். முதல்ல சைக்கிளை ஸ்டாண்டுல மாட்டு."

பின்னால் நாற்பத்திரண்டு பல் வரை போகும் அடுக்கு, அதற்கேற்ற செயின் எடுத்து வைத்தேன். முன்னால் பெடலோடு சுற்ற முப்பது பல் சக்கரம். என் கொட்டகையில் எல்லோருக்கும் நான் போடுவது அதுதான்.

"முப்பதா? எனக்கு இருபத்தாறு போடு."

"அதுல காலுதான் சுத்தும், வண்டி நகராது. நத்தை கூட உன்னைத் தாண்டிடும்."

"தாண்டட்டும்யா! கடைசி ஆளு சைக்கிளை உருட்டிக்கிட்டு அழுதுகிட்டே நடப்பா. அவ பக்கத்துலயே, அவ நடையில, நான் விழாம ஓட்டணும். அந்தக் கடைக்காரன், நீ, எல்லாப் பயலும் உங்க வேகத்தையே என் தலையில கட்டுறீங்க!"

இத்தனை வருஷத்தில் என்னிடம் இப்படிக் கத்தியவர் கிடையாது. இருபத்தாறு பல் எஃகுச் சக்கரத்தைத் தேடி எடுத்து, செயினை அளவாக வெட்டி மாட்டினேன்.

ஏற்றத்தில் கிராண்ட் அவள் கூடவே நடந்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது. அவள் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே ஏறினாள். கால் தரையில் படவில்லை. வேலை அவளுக்கே என்று ஆனது.

பந்தயத்தன்று சாயங்காலம், கடைசி ஆளான, ஹோபர்ட்டிலிருந்து வந்த ஒரு பருமனான டீச்சரம்மாவோடு வெண்டா காட்டை விட்டு வெளியே வந்தாள். அதற்குள் முடிவுக்கோட்டு வளைவைக் கழற்றிக் கீழே போட்டிருந்தார்கள் கிராண்ட்டின் ஆட்கள்.

"எவன்டா கழட்டினது?" என்றாள் வெண்டா. "இவங்க இன்னும் முடிக்கல. தூக்கி நிறுத்துங்கடா!"

நிறுத்தினார்கள். வளைவின் ஒரு காலை நான்தான் பிடித்தேன். டீச்சரம்மா முதலில் நுழைந்தார். வெண்டா அவருக்குப் பின்னால், நடை வேகத்தில்.